ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள்: அரிய ஆங்கிலச் சொற்களை மனதில் நிறுத்த வழி உண்டா?

குடமுருட்டிக்கரை · ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பி.காம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கணக்கில் பயமில்லை. ஆங்கிலச் சொற்கள்தான் மனதில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒரு நோட்டில் நானூறு சொல் எழுதி வைத்திருக்கிறாள், இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள். காலையில் இருபது படிக்கிறாள். சாயங்காலம் கேட்டால் ஆறு சொல்கிறாள். மறுநாள் அதிலும் மூன்று போய்விடுகிறது.

நேற்று நான் கேட்டவை இவை: ரைவல், டெரைவ், ரைபேரியன், டெலிரியம், டிரிபுலேஷன், க்ளீன் (சுத்தம் இல்லை, ஜி எழுத்தில் தொடங்குவது), பெட்ரிகோர். நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். வலது பக்கத்தில் இருப்பதைப் படித்துக் காட்ட முடிகிறது, விளக்கத் தெரியவில்லை. மனப்பாடம் தவிர வேறு வழி இருக்கிறதா?

மன்னை வாத்தியார் · ஞாயிறு இரவு 10.45

அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு எழுதாமல் படுக்க முடியவில்லை. நீங்கள் சொன்ன ஏழில் ஆறு சொற்கள் வயலிலும் வாய்க்காலிலும் களத்திலும் பிறந்தவை. ஏழாவது, மண் வாசனைக்கே வைத்த பெயர். டெல்டாவில் இருக்கிற பிள்ளைக்கு இவை அந்நியமாக இருக்க வேண்டியதே இல்லை.

முதலில் ரைவல். போட்டியாளர் என்று நோட்டில் எழுதியிருப்பாள். லத்தீனில் 'ரிவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். 'ரிவாலிஸ்' என்றால் இன்னொருவரோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர். ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இந்தப் பொருளில் வருகிறது. ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிற இரண்டு பேருக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு மடை ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ரைவல். நம் மொழியிலும் இதே கதை நடந்திருக்கிறது. பங்கு உள்ளவன் பங்காளி. சண்டை என்று வந்தால் முதலில் அவனோடுதான்.

டெரைவ் அதே குடும்பம். 'டெ' என்றால் 'இருந்து'. ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவதுதான் அதன் பழைய பொருள். பிறகுதான் வருமானம், இன்பம், சொல்லின் மூலம் எல்லாவற்றுக்கும் ஆனது. அதனால்தான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரம்' வந்து நிற்கிறது. எந்த ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால் என்று சொல்லாமல் முடியுமா?

ரைபேரியன் வேறு வேர். 'ரிபா' என்றால் கரை. கரையோரத்துக்கு உரியது ரைபேரியன். காவிரி வழக்குச் செய்திகளில் 'லோயர் ரைபேரியன் ஸ்டேட்' என்று தமிழ்நாட்டைச் சொல்வார்கள்: ஆறு கீழ்நோக்கிப் பாய்ந்து வருகிற பகுதியின் கரையில் இருக்கிற மாநிலம். இன்னொன்று சொல்கிறேன். 'ரிவர்' என்பதே ரிவுஸிலிருந்து வரவில்லை, ரிபாவிலிருந்து வந்தது. கரையின் பெயர் ஆற்றுக்கு ஆகிவிட்டது. 'அரைவ்' என்றாலும் முதலில் கரைக்கு வந்து சேர்வதுதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்ததும் 'கரை சேர்த்துவிட்டேன்' என்கிறோமே, அந்தக் கரை.

டெலிரியம்: காய்ச்சல் வேகத்தில் பிதற்றுவது. 'லீரா' என்றால் உழவு சால். 'டெலிராரே' என்றால் சாலை விட்டு ஏர் விலகுவது. மனம் சால் தப்பி ஓடுவது டெலிரியம். மருத்துவமனைச் சீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அதற்குள் ஒரு ஏர் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிரிபுலேஷன் என்றால் பெருந்துன்பம். 'ட்ரிபுலும்' என்பது ரோமானியர்கள் கதிரடிக்கப் பயன்படுத்திய பலகை. அடிப்பக்கம் கூரான சக்கிமுக்கிக் கற்கள் பதித்திருக்கும். மாட்டைப் பூட்டிக் கதிர் மேல் இழுத்தால் மணி உதிரும், தாள் நொறுங்கும். அந்தத் தாளின் நிலைமையில் மனிதன் இருப்பது டிரிபுலேஷன். நம் களத்தில் பலகை கிடையாது. கையால் அடித்த பிறகு தாளைப் பரப்பி, ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டிய பிணையல் மாடுகளை விட்டு மிதிக்க வைப்போம். அதற்குப் போரடித்தல் என்று பெயர். இப்போது பிள்ளைகள் 'போரடிக்குது' என்கிறார்களே, அது வேறு. சலிப்பைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லோடு நம் 'அடிக்குது' சேர்ந்து வந்தது. உச்சரிப்பு ஒன்று, இரண்டும் இரண்டு ஊர்ச் சரக்கு.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

வெண்ணாற்று லஸ்கர் · திங்கள் காலை 5.50

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தேன். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, அளவுக்கல்லில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து எழுதுவது, கரையில் உடைப்பு வந்தால் மணல் மூட்டையோடு ஓடுவது, இதுதான் வேலை. இந்த 'லஸ்கர்' தமிழா ஆங்கிலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தடவை கப்பல் கதை ஒன்றில் படித்தேன், அதில் லஸ்கர் என்றால் மாலுமி என்று இருந்தது. எது சரி?

மன்னை வாத்தியார் · திங்கள் காலை 8.15

இரண்டும் சரி ஐயா. மூலம் பாரசீகம். 'லஷ்கர்' என்றால் படை. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்கு வந்து, கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமிக்குப் பெயரானது. பட்டாளத்தில் கூடாரம் அடிக்கிறவர், பீரங்கி இழுக்கிறவர் ஆகியோருக்கும் அதே பெயர். அந்த வழியில் பொதுப்பணித்துறைக்கும் வந்தது. இங்கிலாந்தில் படித்த ஒருவரிடம் லஸ்கர் என்றால் அவருக்குப் பழைய கப்பல்தான் ஞாபகம் வரும். நம் ஊரில் மட்டும்தான் அது ஷட்டர் சாவியோடு சைக்கிளில் வருகிற ஆள்.

உங்கள் துறையே இப்படிப்பட்ட சொற்களின் சுரங்கம். அணைக்கட்டு என்பதை வெள்ளைக்காரப் பொறியாளர்கள் 'அனிகட்' என்று எழுதினார்கள். கல்லணை 'கிராண்ட் அனிகட்' ஆனது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கட்டியது மேலணை, அதே காலத்தில் அணைக்கரையில் கட்டியது கீழணை. அவை 'அப்பர் அனிகட்', 'லோயர் அனிகட்'. அந்தச் சொல் இங்கேயே நிற்கவில்லை. இலங்கையில் இருக்கிறது. ராஜஸ்தானில் ஓடைக்குக் குறுக்கே கட்டுகிற சின்னத் தடுப்பணைக்கு இன்றைக்கும் 'எனிகட்' என்றுதான் பெயர். அங்கே ஒரு விவசாயி தினமும் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏரியில் மிகுந்த தண்ணீர் வழிகிற கலிங்கல்கூட 'கலிங்குலா' என்று பழைய நீர்ப்பாசன அறிக்கைகளில் உண்டு.

இந்தச் சொற்களையெல்லாம் திரட்டி 1886இல் வந்த அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்த இருவரில் ஒருவர் பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் அச்சாகி வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1882இல், இறந்துவிட்டார். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவில் எத்தனை சொற்களைக் கேட்டுக் குறித்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

குடந்தை பயிற்சி மையம் · திங்கள் காலை 11.30

சார், உங்கள் பதிவுகளை ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு மாற்றுக்கருத்தைச் சொல்ல வேண்டும். நான் கும்பகோணத்தில் இதே தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே ஒரு கேள்விக்கு மிகக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ரோமானியப் பலகையை நினைத்துப் பார்த்துவிட்டு விடை குறிக்க நேரமில்லை. அதைவிட முக்கியமான சிக்கல், வேர் பல சமயம் வழி தப்ப வைக்கும். டெலிரியம் என்றால் 'சால் தப்புவது' என்று படித்த என் மாணவர் ஒருவர், கணக்கில் தவறு செய்தேன் என்பதற்கு அந்தச் சொல்லைப் போட்டார். இன்றைக்கு அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் முக்கியம்.

அக்கா, மகளிடம் மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அவள் வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டும், புத்தகத்தில் பார்த்து எழுதக் கூடாது. டிரிபுலேஷன் தனியாக வருவது குறைவு, 'ட்ரையல்ஸ் அண்ட் டிரிபுலேஷன்ஸ்' என்று ஜோடியாக வரும். ரைவல் என்றால் 'ஆர்ச் ரைவல்', 'பிசினஸ் ரைவல்'. பேச்சில் ரைபேரியன் வரவே வராது, செய்தித்தாளிலும் தீர்ப்பிலும்தான் வரும். டெலிரியத்தை டாக்டர் சொல்வார். இப்படி எந்த இடத்தில் புழங்குகிறது என்றும் ஒரு குறிப்பு எழுதட்டும்.

மன்னை வாத்தியார் · திங்கள் மதியம் 12.05

தம்பி சொல்வது சரி. வேர் ஞாபகத்துக்கு, வாக்கியம் பயன்பாட்டுக்கு. எனக்கு வேர் மேல் ஆசை அதிகம், வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

அரசலாறு · திங்கள் மாலை 4.20

நான் ஒன்று சொல்கிறேன். கேஷ் நம்ம காசுதான். ஒன் என்பது ஒன்று, எயிட் என்பது எட்டு. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மன்னை வாத்தியார் · திங்கள் மாலை 6.40

தம்பி, உங்களுக்குத் தமிழ் மேல் இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. அதனாலேயே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன், எயிட் இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தக் குடும்பத்துச் சொற்கள். லத்தீனில் 'ஊனுஸ்', 'ஒக்தோ' என்று அவற்றின் உறவினர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

கேஷ் கொஞ்சம் சுவாரசியமானது. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. பணம் என்கிற கேஷ், பிரெஞ்சில் பணப்பெட்டியைக் குறித்த 'கெஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அது லத்தீன் வழி. இன்னொரு கேஷ், கிழக்கு நாடுகளின் சின்னச் செப்புக் காசு. அது நம் காசு, போர்ச்சுகீசியர் மூலம் போனது. இந்த இரண்டாவது கேஷை இன்று நாணயம் சேகரிப்பவர்கள்தான் சொல்கிறார்கள். ஆக, உங்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் சொன்னால் யாரும் நம்மை மறுக்க முடியாது. சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது, வெட்டிவேர் அப்படியே 'வெட்டிவர்' ஆனது. சந்தேகமே இல்லாத சொற்கள் இத்தனை இருக்கும்போது இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

அரசலாறு · திங்கள் இரவு 7.15

நன்றி சார். இரண்டு கேஷ் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

கோரையாறு · திங்கள் இரவு 9.30

க்ளீனுக்கு யாரும் எழுதவில்லையே. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் செய்திருக்கிறேன்.

அறுப்பு முடிந்து கட்டு ஏறியதும் வயலில் சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்குவோம். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா அறுப்புக்குப் போவார், நானும் தங்கையும் பின்னாலேயே போவோம். அடித்தாள் கட்டை காலில் குத்தும். குனிந்தபடியே ஒரு கதிர், இரண்டு கதிர் என்று எடுத்துப் பாவாடை மடியில் போட்டுக்கொள்வோம். பொழுது சாய்வதற்குள் ஒரு படி நெல் தேறினால் பெரிய விஷயம். அந்த நெல் எங்களுடையது, வீட்டுக் கணக்கில் சேராது. கதிர் பொறுக்குவதற்கு ஆங்கிலத்தில் க்ளீன் என்று ஒரு தனிச் சொல் இருப்பது கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சொல்லுக்குத் தகவல் திரட்டுவது என்று பொருள். ஒரே இடத்தில் குவியலாகக் கிடைப்பதை எடுப்பதற்கு க்ளீன் போட முடியாது. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுமையாகப் பொறுக்க வேண்டும். பழைய பத்திரங்களிலிருந்து எங்கள் குடும்பக் கதையைத் திரட்டினேன் என்றால் அது க்ளீன். அறுவடை மிஷின் வந்த பிறகு யாரும் கதிர் பொறுக்குவதில்லை. சொல் மட்டும் அலுவலகங்களில் இருக்கிறது.

குடமுருட்டிக்கரை · செவ்வாய் காலை 6.30

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கோரையாறு அக்கா எழுதியதைப் படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, நானும் பொறுக்கியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி மகளிடம் வாத்தியார் சார் சொன்னதைச் சொன்னேன். ரைவல் உடனே புரிந்தது. டெலிரியத்துக்கு வந்தேன், "ஏர் சாலை விட்டு விலகுவது" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "அம்மா, சால்னா என்ன?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் உழவு மாடு கிடையாது. டிராக்டர் வரும், ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிணையல் என்றாலும் தெரியவில்லை, போரடித்தல் என்றால் சலிப்பு மட்டும்தான் தெரிகிறது. டெலிரியத்தை விளக்கப் போய்ச் சாலை விளக்க வேண்டியதாகிவிட்டது. அவளுக்கு இரண்டுமே அரிய சொல்தான்.

மன்னை வாத்தியார் · செவ்வாய் காலை 7.45

அம்மா, இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏர் மண்ணைக் கிழித்துப் போகிற கோடுதான் சால். அதைத் தெரிந்துகொண்டால் அவளுக்கு இரண்டு சொல் லாபம். வீட்டில் ஏர் பிடித்த பெரியவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள். அவரிடம் 'பூஸ்ட்ரோபிடன்' என்ற சொல்லையும் சொல்லுங்கள். கிரேக்கத்தில் 'மாடு திரும்புகிற மாதிரி' என்று பொருள். பழைய கிரேக்கக் கல்வெட்டுகளில் ஒரு வரி இடமிருந்து வலமாகப் போகும், அடுத்த வரி அங்கேயே திரும்பி வலமிருந்து இடமாக வரும். கிரீட் தீவில் கோர்டின் என்ற ஊரில் ஒரு சட்டத்தையே சுவரில் இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். கவிதை வரிக்கு 'வெர்ஸ்' என்று பெயர் வந்ததும் அப்படித்தான். திரும்புவது, சால், வரி மூன்றுக்கும் லத்தீனில் அந்த ஒரே சொல்.

மேழி · செவ்வாய் காலை 9.00

ஐயா ஒரு திருத்தம். வயது எழுபத்தாறு, நாற்பது வருடம் ஏர் ஓட்டியவன். பேரன்தான் தட்டச்சு செய்கிறான். எங்கள் பக்கத்துச் சேற்று வயலில் மாடு அப்படி நேராகப் போய் அங்கேயே திரும்பி வராது. நாலைந்து ஏர் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து சுற்றி வரும். முன் ஏர் போன தடத்தை ஒட்டிப் பின் ஏர் போகும். சால் விலகினால் நடுவில் உழாத மண் நின்றுவிடும். மேலே தண்ணீர் மூடியிருப்பதால் அப்போது தெரியாது. நாற்று நடுகிற பெண்கள் விரலை ஊன்றும்போதுதான் தெரியும், அங்கே விரல் இறங்காது. "யார் ஓட்டிய சால் இது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒழுங்காக ஓட்டினோம்.

மன்னை வாத்தியார் · செவ்வாய் காலை 9.20

ஐயா, எந்த அகராதியிலும் எனக்கு இது கிடைத்திருக்காது. மிக்க நன்றி.

நாகை அலை · செவ்வாய் பகல் 1.10

எங்கள் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுமரம், 'கேட்டமரான்' ஆகிவிட்டது. 1697இல் வெளியான, டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடியின் பயண நூலிலேயே இருக்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லைத் தேடினால் வருகிற படம் எங்களுடையது இல்லை. இரண்டு படகுகளை நடுவில் தளம் போட்டு இணைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கப்பல் வரும். எங்கள் கட்டுமரத்துக்கு உள்ளே குழிவே கிடையாது. சில மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் கட்டுவது, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் தோளில் தூக்கிப் போய்க் காய வைப்பார்கள். அலை மேலே ஏறிவிட்டு மர இடுக்கு வழியாக இறங்கிவிடும், மூழ்காது. பயிற்சி மையத் தம்பி சொன்னது இங்கேயும் பொருந்தும்: தேர்வில் கேட்டால் இரட்டை உடல் கொண்ட படகு என்றே எழுத வேண்டும்.

இன்னொரு சொல்லும் உண்டு. 2004 டிசம்பர் 25 அன்று எங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி 'சுனாமி' என்றால் என்ன என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். படித்தவர்களுக்கும் தெரியாது. ஜப்பானிய மொழியில் 'த்சு' என்றால் துறைமுகம், 'நமி' என்றால் அலை. மறுநாள் காலை அது வந்தபோது "கடல் பொங்கி வருது" என்றுதான் கத்தினோம். ஓடு என்று சொல்ல எங்களிடம் அதற்கென்று ஒரு சொல் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இன்றைக்குப் பால்வாடிக் குழந்தைக்கும் அந்தச் சொல் தெரியும். சுனாமிக் குடியிருப்பு என்று வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. அரிய சொல் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

பத்திர எழுத்தர் · செவ்வாய் மாலை 5.35

நாகைக்காரர் எழுதியதற்குப் பிறகு எதுவும் எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது உதவும். 'யூசுஃப்ரக்ட்' என்ற சொல்லைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். 'யூசுஸ்' பயன்படுத்துவது, 'ஃப்ரக்டுஸ்' விளைச்சல். நிலம் அடுத்தவருடையது, விளைச்சலை எடுத்துக்கொள்கிற உரிமை மட்டும் நம்முடையது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்று இருக்கிறது. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்பது இதுதான். பணம் கொடுத்தவர் வயலைக் கையில் வாங்கிக்கொள்வார், வட்டிக்குப் பதிலாக விளைச்சல். அசலைத் திருப்பினால் வயல் திரும்பிவிடும். 'போக்கியம்' என்ற வடசொல்லுக்கும் அனுபவிக்கத்தக்கது என்றே பொருள். லத்தீன்காரரும் நம் ஊர்க்காரரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வேளாண் மாணவன் · செவ்வாய் இரவு 8.00

பெட்ரிகோர் விடுபட்டுவிட்டது. 1964இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர், பேர், தாமஸ் என்பவர்கள், 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் உருவாக்கிய சொல். 'பெட்ரா' கல். 'ஐகோர்' கிரேக்கப் புராணத்தில் தெய்வங்களின் உடம்பில் ஓடுகிற ரத்தம். காய்ந்த கல்லிலும் மண்ணிலும் படிந்த எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் மணக்கின்றன. மண் பாக்டீரியா உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளும் அதில் சேரும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இந்த மணத்தை அத்தராகவே வடிக்கிறார்கள். நமக்கு மண்வாசனை. மேட்டூர் திறந்து, வெடித்துக் கிடக்கிற வயலில் முதல் தண்ணீர் ஏறும்போது ஒரு மணம் வருமே, அது மழை மணத்தைவிடக் கனமாக இருக்கும். அதற்கும் இதே சொல்லைப் போடலாமா என்று என் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

கோரையாறு · செவ்வாய் இரவு 8.40

தேர்வுக்கு வராத இரண்டு சொல், எனக்குப் பிடித்தவை. 'அப்ரிசிட்டி': குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு. 1623இல் வந்த ஒரு ஆங்கில அகராதியில் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. நாம் மார்கழியில் கோலம் போட்டுவிட்டுத் திண்ணையில் வெயில் காய்கிறோம், தினமும் சொல்கிறோம். 'ஓவர்மாரோ': நாளை மறுநாள். அதையும் அவர்கள் தொலைத்துவிட்டார்கள். மூன்று சொல்லைக் கோத்துத்தான் இன்றைக்கு அதைச் சொல்ல முடிகிறது.

அப்புறம், குடமுருட்டி தங்கைக்கு: ஆற்றின் நடுவில் இருக்கிற சின்னத் தீவுக்கு 'எயட்' என்று ஒரு ஆங்கிலச் சொல் உண்டு, தேம்ஸ் நதிக்கரையில் இன்னும் புழங்குகிறது. அதற்குத் தமிழ் துருத்தி. உங்களுக்குப் பக்கத்து ஊர் திருப்பூந்துருத்தி, மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குப் பழைய பெயர் திருத்துருத்தி.

குடந்தை பயிற்சி மையம் · புதன் காலை 10.15

அக்கா, மகளின் நோட்டில் 'பரையா' என்ற சொல் இருக்கும், எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருப்பார்கள். பறை அடித்த மக்களின் பெயரைத்தான் ஆங்கிலம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று பெரிய பத்திரிகைகளும் எழுதுகின்றன. என் வகுப்பில் அந்தப் பெயருள்ள குடும்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை வாசித்த அன்று ஒரு மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: கேள்வியில் வந்தால் பொருள் தெரிந்து விடை குறியுங்கள், நீங்களாக எழுதும்போது ஒருபோதும் எழுதாதீர்கள். 'அவுட்காஸ்ட்' போதும்.

மன்னை வாத்தியார் · புதன் காலை 10.50

தம்பி, நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தச் சொல்லைச் சாதாரணமாக நடத்திவிட்டு வந்திருக்கிறேன். யார் தலை குனிந்தார்கள் என்று பார்க்கவில்லை. நீங்கள் செய்வதுதான் சரி.

குடமுருட்டிக்கரை · சனி மாலை 6.20

மாமனார் ஏர் ஓட்டியவர். மூன்று நாளாகத் தாத்தாவும் பேத்தியும்தான் பாடம். முதல் நாள் வாசலில் குச்சியால் கோடு கிழித்துச் சாலைக் காட்டினார். மேழி ஐயா சொன்ன மாதிரியே, வளைத்து வளைத்து. பிறகு இருவரும் வயலுக்குப் போனார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர். மாமனார் மண்வெட்டியால் இரண்டு கொத்து மண்ணை எடுத்தார். மடை திறந்து தண்ணீர் எங்கள் வயல் பக்கம் திரும்பியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றுகொண்டு, "தாத்தா, இதுதான் டெரைவ்" என்றாளாம். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று கிழித்தாள். சொல், பிறந்த கதை, சொந்த வாக்கியம். ரைவலுக்கு எங்கள் பக்கத்து வயல்காரர் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள், அதை மட்டும் அழிக்கச் சொன்னேன்.

இன்று காலை செய்தித்தாளில் ஒரு விபத்துச் செய்தியில் 'ஹாரோயிங்' என்று பார்த்திருக்கிறாள். அவளே தேடிப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் ஓடினாள். "தாத்தா, கட்டி உடைக்கிறதுக்குப் பல்லுப் பல்லா ஒண்ணு மண்ணு மேல இழுப்பாங்களாமே, அது பேரு என்ன?" மாமனார், "பலுகு" என்றார். "பார்த்தவங்க மனசு மேல அந்தப் பலுகை இழுத்தா எப்படி இருக்கும், அதுதான் ஹாரோயிங்" என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்தது என்ன சொல்லு?" என்று கேட்டார்.